அரசாங்கம் இன்னும் தராத பட்டம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சில்க்போர்க்கில் ஒரு விழா மண்டபத்தில், ஏணியின் உச்சியில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி நின்றபோது என் முதுகு பிடித்துக்கொண்டது. கையில் இருந்தது ஒரு பனரின் நுனி. அந்தப் பனரில் நான் அச்சடிப்பித்திருந்த வாசகம் டென்மார்க் சட்டப்படி குற்றம் என்பதும் அதற்குச் சற்று முன்னர்தான் எனக்குத் தெரியவந்திருந்தது.

விழா என் நண்பருடைய மகளுக்காக. நண்பரும் நானும் ஒரே அகதி முகாமில் டெனிஷ் படித்தவர்கள். அவர் தொழிற்சாலைக்குப் போனார், நான் கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் கோப்புகளோடு உட்கார்ந்துவிட்டேன். மகள் ஓடென்ச நகரப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் கைரோபிராக்டருக்குப் படித்து முடித்திருந்தாள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே சரிசெய்கிற தொழில். முதல் சில வருடங்கள் டொக்டருக்குப் படிப்பவர்களோடு சேர்ந்துதான் படிப்பு. "ஒரே வகுப்பு" என்று சொல்லிவிட்டு நண்பர் கொஞ்சம் நிறுத்துவார். கேட்பவர் வியப்பதற்கு விடும் இடைவெளி அது.

கலியாணக் கார்டு, மரண அறிவித்தல், பனர் என்று எது வந்தாலும் எங்கள் ஆட்கள் வாசகம் எழுத என்னைத்தான் பிடிப்பார்கள். நாலு புத்தகம் வாசித்ததற்குக் கிடைத்த தண்டனை. இந்த முறை நான் குறை வைக்கவில்லை. பெயருக்கு முன்னால் 'டொக்டர்' போட்டேன். பின்னால் 'முதுகெலும்பு மருத்துவ நிபுணர்' போட்டேன். டெனிஷ் விருந்தாளிகளும் வருவார்கள் என்பதால் அடியில், கண் தெரியாதவருக்கும் தெரிகிற அளவில், டெனிஷில் 'கைரோபிராக்டர்' என்று போட்டேன். வெறும் பெயரைப் போட்டால் ஆளையே குறைத்துவிட்டதாக எங்கள் சனம் நினைக்கும்.

நண்பரின் மகள் சேலை கட்டிக்கொண்டு, விருந்தினர் பலருக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, உதைக் கழட்டுங்கோ."

"ஏன் பிள்ளை, எழுத்துப் பிழையோ?"

"எழுத்துச் சரி. நான்தான் இன்னும் கைரோபிராக்டர் இல்லை."

ஏணியில் நின்றே விளக்கம் கேட்டேன். சோதனை பாஸ் பண்ணினால் மட்டும் போதாதாம். அரசாங்கம் அனுமதி தரவேண்டும். விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பதிலுக்குக் காத்திருக்கிறாள். அது வரும்வரை அந்தச் சொல்லைத் தன் பெயரோடு சேர்ப்பது சட்டவிரோதம். வந்த பிறகும் ஒரு வருடம் இன்னொருவரின் மேற்பார்வையில் வேலை செய்து, அதற்குப் பிறகுதான் தனியாகத் தொழில் செய்யும் உரிமை. அந்த வருடத்தை அடுத்த மாதம் கோல்டிங் நகரில் ஒரு கிளினிக்கில் தொடங்க இருந்தாள்.

"கிளினிக்கின்ரை சொந்தக்காரி இப்ப வந்துகொண்டிருக்கிறா, மாமா. இதைக் கண்டா என்னைப் பற்றி என்ன நினைப்பா? அனுமதி வரமுன்னமே பனர் அடிக்கிற ஆள் எண்டெல்லோ?"

கழற்றத்தான் திரும்பினேன். அப்போதுதான் முதுகு பிடித்தது.

நாலு பேர் சேர்ந்து என்னை இறக்கி ஒரு கதிரையில் வைத்தார்கள். அதற்குள் மண்டபம் நிறையத் தொடங்கியிருந்தது. எல்லோரின் முகத்திலும் ஒரு சந்தோஷம். முதுகு படித்தவளுக்கு விழா, விழாவிலேயே ஒரு முதுகு.

"இஞ்சை ஆள் இருக்கேக்கை என்ன பயம்? பிள்ளை, ஒரு தட்டுத் தட்டிவிடு" என்றார் ஒரு பெரியவர்.

"அப்பு, எனக்கு இன்னும் அனுமதி இல்லை."

"மாமாவுக்குத் தட்டவும் அனுமதியோ?"

"இவரை முடிச்சிட்டு என்ரை கழுத்தையும் ஒருக்காப் பார், பிள்ளை" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர். அவருக்குப் பின்னால் முழங்காலைப் பிடித்தபடி இன்னொருவர். வரிசை கட்டிவிட்டார்கள்.

நண்பர் மகளின் காதருகே குனிந்தார். "சபையிலை கேக்கினம், பிள்ளை. சும்மா கையை வைச்சு எடன். படிச்சது ஒண்டுக்கும் உதவேல்லை எண்டு கதைக்கப் போகினம்."

அவள் கோபத்தில் டெனிஷில் ஏதோ தொடங்கி, பிறகு தமிழுக்கு வந்தாள். "கதைக்கட்டும், அப்பா. கையை வைச்சு இவருக்கு ஏதும் நடந்தால், அஞ்சு வருசமும் இந்தக் கதிரையோடை போச்சு."

பிறகு என் முன்னால் குந்தினாள். விரல்கூடப் படவில்லை. "இதை ஆரும் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கால் விறைக்கிறதா, சிறுநீர் போவதில் கரைச்சல் உண்டா என்று கேட்டாள். மண்டபம் அமைதியாகி என் பதிலுக்குக் காத்திருந்தது. சோற்று மேசையில் நின்ற என் மனைவியும் கரண்டியோடு காத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை என்று சபைக்கு அறிவித்தேன். "அப்ப பயமில்லை. படுக்காதேங்கோ, மெல்ல நடவுங்கோ. கால் விறைச்சால் உடனை டொக்டருக்குப் போன் அடியுங்கோ" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகி, மேசைக்கு விரிக்கும் கடதாசிச் சுருளில் மூன்று துண்டுகளைக் கிழித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். நான் யோசித்து யோசித்துச் சேர்த்த பட்டங்கள் மூன்றும் வெள்ளைக் கடதாசிக்குள் போயின. பெயர் மட்டும் மிஞ்சியது.

கோல்டிங்கில் இருந்து வந்த பெண்மணி முதலில் பார்த்தது அந்தக் கடதாசியைத்தான். அடியில் என்ன என்று கேட்டார். அச்சகத்தின் தவறு என்று ஒரு பொய்யை டெனிஷில் கோர்த்துக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "என் தொழிலின் பெயர். அனுமதி இன்னும் வரவில்லை, அதனால் மூடிவிட்டேன்." அந்தப் பெண்மணி கடதாசியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, "ஒன்றாம் திகதி சந்திப்போம்" என்றார். நண்பருக்கு மூச்சு வந்தது.

எனக்கும் ஒரு துணிச்சல் வந்தது. அனுமதி பெற்ற கை ஒன்று மண்டபத்துக்குள்ளேயே நிற்கிறதே என்று அந்தப் பெண்மணியிடம் போய் என் முதுகைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "கிளினிக்குக்குப் போன் பண்ணி நேரம் எடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கோழிக்கறியை நோக்கிப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை அனுமதி வந்தது. நண்பர் போனில் அழுதார், அழவில்லை என்றும் சொன்னார். கட்டணத்தைத் தான் கட்டுவதாகச் சொல்லியும் மகள் விடவில்லையாம். முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறு வேலை செய்த காசில் அவளே கட்டினாளாம். "என்ரை பேரிலை வாறதை நான்தான் கட்டவேணும் எண்டிட்டாள்" என்றார். முறைப்பாட்டின் குரலில் சொல்லப்பட்ட பெருமை.

அனுமதி உள்ளவர்களின் பெயர்களை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அலுவலகத்தில் கோப்பை ஒதுக்கிவிட்டுத் தேடினேன். பெயர், தொழில். அடைமொழி ஒன்றும் இல்லை. நாங்கள் சும்மா அள்ளிக் கொடுக்கும் ஒரு சொல்லுக்காக ஐந்து வருடம் படித்து, அது கைக்கு வரும்வரை சபை முழுவதும் கேட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள். என் முதுகை அவள் தொடாமல் விட்டதைப் போல ஒரு மரியாதையை எனக்கு வேறு யாரும் செய்ததில்லை என்று தோன்றியது.

அன்று இரவுச் சாப்பாட்டில் இதையெல்லாம் மனைவிக்குக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். சட்டம், ஒழுக்கம், அடுத்த தலைமுறை என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் பருப்பை என் பக்கம் தள்ளினாள்.

"அனுமதி இருந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டாள்" என்றாள். "அண்டைக்கு உங்களிலை அடிச்ச வேர்வை மணம் அப்பிடி."