மூன்று பிளம்பர்களும் ஒரு பச்சைக் குழந்தையும்

அந்த வீட்டில் மூன்று பிளம்பர்கள் இருந்தார்கள். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. கடைக்காரி அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்தே அது ஒழுகுகிறது. அடியில் ஒரு வாளி, சொட்டுச் சத்தம் கேட்காமல் இருக்க வாளிக்குள் ஒரு பழைய துணி. துணியைப் போட்டவர் அவளுடைய மாமனார். "நான் கை வச்ச எடத்துல ஒரு சொட்டு வெளிய வராது" என்று ஊரெல்லாம் மார்தட்டுகிற மனிதர், சொந்த வீட்டில் செய்த ஒரே மராமத்து அந்தத் துணிதான்.

கடைக்காரி என்பது அவர் மருமகளுக்கு வைத்த பெயர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஹார்டுவேர் கடையின் கவுன்டரில் நின்று எல்போ, டீ, வாஷர் என்று குழாய்ச் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தாள். பிளம்பர் என்கிற ஜாதியையே அவளுக்கு அங்கிருந்துதான் தெரியும். அளவெடுக்காமல் வருவார்கள். வாய்க்கு வந்த சைஸைக் கேட்டு வாங்கிப் போவார்கள். பொருந்தாது. திரும்பி வந்து, கடைக்காரன்தான் ஏமாற்றிவிட்டான் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர்களிலேயே அதிகமாகக் கத்தியவனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். ஏன்டி என்று யாராவது கேட்டால், "அன்னைக்கு நல்ல சட்ட போட்டிருந்தாரு" என்பாள். வேறு காரணம் அவளுக்கே தெரியாது.

அவள் அதிகம் சண்டை போடுகிறவள் இல்லை. எதையாவது கேட்டு எரிச்சல் வந்தால், கீழுதட்டின் ஓர் ஓரம் மட்டும் லேசாக இறங்கும். கவுன்டரில் நின்று நின்று வந்த பழக்கம் அது. வாடிக்கையாளரைத் திட்ட முடியாது, உதட்டை என்ன செய்வது? மாமியார் இல்லாத வீடு. இரண்டே அறைகள், வாசலில் ரெஞ்சுப் பைகள், கட்டிலுக்கு அடியில் வெட்டி மிஞ்சிய பைப்புத் துண்டுகள். மாமனார், புருஷன், கொழுந்தன் என்று மூன்று ஆம்பிளைகள், மூன்று பேருக்கும் எல்லாம் தெரியும். அவள் உதட்டுக்கு ஓய்வே இல்லை.

பயல் பிறந்த பிறகு கேட்கவா வேண்டும்? குழந்தை வளர்ப்பிலும் மூன்று பேரும் மேஸ்திரி ஆகிவிட்டார்கள். தும்மினால் ஒரு கூட்டம், கொட்டாவி விட்டால் ஒரு கூட்டம். பயல் இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. தாய்ப்பால் தவிர ஒன்றும் அறியாத வயிறு.

முதலில் வாந்தி எடுத்தது அவளுடைய புருஷன்தான். இரண்டு நாள் பாயில் சுருண்டு கிடந்து, பிரசவ வலி வந்தவன் மாதிரி முனகினான். "ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல" என்றான். மூன்றாம் நாள் தெம்பு வந்ததும் கழிவறையிலிருந்து நேராக வந்து, பல் முளைக்கிறதா என்று பார்க்கப் பயலின் வாய்க்குள் விரலை விட்டான்.

"கையக் கழுவிட்டுத் தொடுங்க!" என்று அவள் கத்தினாள்.

"நான் தண்ணியிலயே வேல செய்யறவன்டி. என் கை எப்பவும் கழுவின கைதான்."

ஆஹா, என்ன ஒரு ஞானம்! சாக்கடைக்குள் தோள்வரை விட்டு எடுக்கிற கைக்கு அவன் கொடுத்த சர்டிபிகேட் அது.

ஒரு நாள் கழித்து, காலையில், பயல் பால் குடித்த கையோடு அவ்வளவையும் அவள் தோளில் கக்கினான். துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். மறுபடியும் கக்கினான். இந்தத் தடவை மூக்கு வழியாகவும் வந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சத்தம் கேட்டு மூன்று பிளம்பர்களும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "ஒழுகுதுன்னா மொதல்ல என்ன பண்ணணும்? மெயின் வால்வ மூடணும். மூடிட்டுத்தான் எங்க ஓட்டைன்னு பாக்கணும். பால நிறுத்து."

"ஏர் லாக்கா இருக்கும்பா, உள்ள காத்து அடைச்சிருக்கும்" என்றான் கொழுந்தன்.

"டேங்க்லயே கோளாறா இருந்தா?" என்றான் புருஷன். சொல்லிவிட்டு அவளை, அதுவும் அவள் மார்பை, சந்தேகமாகப் பார்த்தான். "நேத்து நீ என்னத்தத் தின்ன?"

"நீங்க பாதி தின்னுட்டு வச்சதத்தான்."

உதடு இறங்கியது உண்மை. ஆனால் அன்றைக்கு அவள் வயிற்றுக்குள் பயமும் இறங்கியிருந்தது. இரண்டு தடவை கொடுத்தாள், இரண்டு தடவையும் அவள் பால்தான் திரும்பி வந்தது. ஒருவேளை என் பாலில்தான் ஏதாவது இருக்குமோ? தான் பெற்ற பிள்ளைக்குத் தானே விஷம் கொடுக்கிறோமோ என்று ஒரு தாய்க்குத் தோன்றிவிட்டால் அவளை யார் வேண்டுமானாலும் ஆட்டிவைக்கலாம். பேசாமல் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "மூணு முட்டாளுங்க பேச்சக் கேட்ட நாலாவது முட்டாள் நான்தான்" என்று பிற்பாடு அவளே சொல்லிக்கொள்வாள்.

பயலை முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். பால் வாசம் பட்டால் கேட்பானாம், அதனால் அவள் சமையலறையிலேயே இருக்க வேண்டுமாம். அவன் அங்கே அழ அழ, இங்கே அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. மார்பு கல்லாகக் கனத்து வலித்தது. அதை அந்த மூன்று பேரிடம் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? அதற்கும் ஒரு மெயின் வால்வு இருக்கிறது என்பார்கள். வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்னறையில் வேலை மும்முரமாக நடந்தது. "லைன மொதல்ல ஃப்ளஷ் பண்ணணும், தண்ணி விட்டு அலசணும்" என்றார் மாமனார். கொழுந்தன் கடைக்கு ஓடி குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வந்து ஒரு டம்ளரில் கலக்கினான். அரை டம்ளரை ஒரே மூச்சில் புகட்டினார்கள். பச்சைக் குழந்தை என்ன செய்வான்? அத்தனையும் பீய்ச்சியடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"பாத்தியா, அழுக்கு வெளிய வருது. நல்லதுதான்" என்றார் பெரியவர். மகன்கள் இருவரும் தலையை ஆட்டினார்கள். மண்டைக்குள் என்னதான் வைத்திருந்தார்களோ!

உச்சிவேளைக்கு அழுகை நின்றது.

"அடங்கிட்டான்" என்று புருஷன் வெற்றியோடு குரல் கொடுத்தான். அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்ப் பார்த்தாள். பயல் தூங்கவில்லை. கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு துவண்டு கிடந்தான். உதடு காய்ந்திருந்தது. தூக்கியபோது முகத்தைச் சுருக்கி அழுதான், கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் போட்ட துணியைத் தொட்டாள். விடிந்ததும் மடித்துப் போட்டது மடிப்புக் கலையாமல் காய்ந்து கிடந்தது.

"காலையிலேருந்து இவன் ஒண்ணுக்கே போகல!"

"ஒழுகல இல்ல? அப்ப சரியாயிட்டு வருதுன்னு அர்த்தம்" என்றார் மாமனார்.

அவ்வளவுதான். கவுன்டரில் நின்ற காலத்திலிருந்து சேர்த்துவைத்தது எல்லாம் மொத்தமாக வெளியே வந்தது.

"வாய மூடுங்க மாமா! ஒழுகற கொழாய்க்கு அடியில துணியப் போடத் தெரிஞ்ச ஆளு எம் புள்ளைக்கு வைத்தியம் பாக்க வந்துட்டீங்க! செவுத்துக்குள்ள ஓடற பைப்பா இவன்? மூடி வச்சுட்டு நாளைக்கு வந்து பாக்கறதுக்கு? நகருங்க!"

பயலைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருக்கோடி கிளினிக்குக்கு நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். புருஷன் பின்னாலேயே வந்தான். பதற்றத்தில் பிள்ளையின் துணிப்பைக்குப் பதிலாக ரெஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான் மகராசன்.

டாக்டரம்மா பயலின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், உச்சந்தலையைத் தடவினார், தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார்.

"பால் குடுக்கறீங்களா?"

"காலையிலேருந்து நிறுத்தி வச்சிருக்கோம்."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

புருஷன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். "அந்தப் பைப்பு ஜாயின்ட்ல தண்ணி வேர்க்குது பாருங்க மேடம்" என்றான்.

"வீட்டுல வேற யாருக்காவது வாந்தி இருந்துச்சா?"

கடைக்காரி ரெஞ்சுப் பைக்காரன் பக்கம் கட்டைவிரலை மட்டும் காட்டினாள். டாக்டரம்மா அவனுடைய கைகளைப் பார்த்தார். அவன் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"உங்க பால்ல ஒரு குத்தமும் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "இப்ப அவனுக்கு அதுதான் முக்கியம். ஒரேயடியா குடுக்காதீங்க. கொஞ்சமா குடுங்க, எடுத்துடுங்க, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி குடுங்க. கக்கினா பயப்படாதீங்க, சித்த பொறுத்துத் திரும்பக் குடுங்க. நடுநடுவுல இந்த ஓ.ஆர்.எஸ். பவுடரக் கரைச்சு ஸ்பூன்ல ஊட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போயாகணும். போகலன்னாலோ, இதுக்கு மேல துவண்டாலோ, வாந்தி பச்சையா வந்தாலோ, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. ட்ரிப் ஏத்தணும். காத்திருக்கக் கூடாது."

உங்க பால்ல ஒரு குத்தமும் இல்ல. அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் அவளுக்கு அங்கேயே அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் மாறியது. "எல்லாரும் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க. கழுவிட்டு வெளிய போயி நில்லுங்க." மூன்று பிளம்பர்களும் வரிசையாக நின்று, ஒழுகுகிற குழாயில் கையைக் கழுவிவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள். மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

கனத்துப்போன மார்பிலிருந்து பால் வேகமாகப் பாயும், புரையேறிவிடும் என்று, முதலில் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் பிழிந்துவிட்டாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு பயலை அணைத்தாள். முதலில் அவன் வாயைத் திறக்கவில்லை. கன்னத்தைத் தடவினாள், கெஞ்சினாள். "குடிடா என் ராசா. உங்கப்பன் பேச்சக் கேட்டுத்தான் இந்த கதி. இனிமே கேக்க மாட்டேன்டா, குடி." மெல்லப் பற்றினான். நாலு வாய் குடித்ததும் எடுத்தாள். அவன் கத்தினான். கத்தட்டும், கத்தத் தெம்பிருக்கிறதே. சற்றுப் பொறுத்து மறுபடி. பாதியைக் கக்கினான். துடைத்தாள், காத்திருந்தாள், மறுபடி கொடுத்தாள். நடுவில் ஸ்பூன். மறுபடி மார்பு. துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

ஜன்னல் வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. கக்குவது குறைந்தது. துணி மட்டும் காய்ந்தபடியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தாள். ஆட்டோ பிடித்து வரப் புருஷனை அனுப்பினாள். கக்கிக் கக்கி நாறிப்போன ரவிக்கையையாவது மாற்றிக்கொள்வோம் என்று மாமனாரைக் கூப்பிட்டாள்.

"மாமா, சும்மா வச்சிருந்தா போதும். எந்த வேலையும் பாக்க வேணாம்."

பெரியவர் பயலை மடியில் கிடத்திக்கொண்டார். கீழே துணி கட்டாத உடம்பு. கொழுந்தன் பக்கத்தில் நின்றான். சும்மா இருக்க முடியுமா அவரால்? "இதப் பாருடா, எந்த லைனா இருந்தாலும் மொதல்ல..." என்று பாடத்தை ஆரம்பித்தார்.

முடிக்கவில்லை. அவர் சட்டையில் சூடாக ஏதோ பட்டது. பயல் சின்னதாக, வளைவாக, அவருடைய நெஞ்சில் தொடங்கி மோவாய் வரைக்கும் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

"அப்பா, சட்ட!" என்று கொழுந்தன் துணியோடு பாய்ந்தான்.

"மூடாதடா!" கிழவர் போட்ட சத்தத்தில் கடைக்காரி ரவிக்கைக் கொக்கி பாதியில் நிற்க ஓடிவந்தாள். "மூடாத... வரட்டும். முழுசா வரட்டும்."

மோவாயிலிருந்து சொட்டியதை அவர் துடைக்கவில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தது. கடைக்காரி வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அடைத்து வைத்த அழுகை அத்தனையும் வந்தது. ஆட்டோவோடு வந்த புருஷன், எல்லாரும் அழுவதைப் பார்த்து முகம் வெளுத்துப்போய் நின்றான். "போயிட்டானா?" என்றான்.

"ஒண்ணுக்குப் போயிட்டான்" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. "மாமா மேல."

அன்று ஒரு பொழுதுக்கு அவள் அந்த மூன்று பேரையும் மன்னித்தாள். அதற்கு மேல் அவர்கள் விடவில்லை.

மறுநாள் காலையில் பயல் மடியில் கிடந்து நன்றாக இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தான். வாசலில் மாமனார் எதிர்வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நேரம் பாத்துச் செய்யற வேல சார். காலையில மெயின மூடிட்டேன். மூடி வச்சு, லைன ஃப்ளஷ் பண்ணி, சரியான சமயத்துல தொறந்து விட்டேன் பாருங்க, அப்பிடியே பிரஷர்ல வந்துச்சு!"

உள்ளே கடைக்காரியின் உதடு ஒரு பக்கமாக இறங்கியது.

"மாமா," என்று கூப்பிட்டாள், "அந்தச் சமையக்கட்டுக் கொழாய்?"

எதிர்வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"வாஷர் வாங்கணும்மா" என்றார் பெரியவர்.