மட்டிச் சாக்கு

அப்பாவும் அம்மாவும் "எங்கட நாடு" என்று சொன்ன இடத்தில் நான் முதன்முதலாக வந்து இறங்கியபோது எனக்குப் பதினான்கு வயது. நான் பிறந்தது தமிழ்நாட்டில், ஒரு அகதி முகாமில். என்னைவிட நாலு வயது மூத்த அண்ணனும் அங்கேதான் பிறந்தான். சமாதானம் பேசுகிறார்கள், இனிப் பயமில்லை என்று அப்பா எங்களைத் திருகோணமலைக்குக் கூட்டிவந்தார். மாமியின் வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டோம். பின்வேலி முடிகிற இடத்தில் தம்பலகாமக் குடாவின் தண்ணீர் தொடங்கும்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தண்ணீருக்குப் பயம், தோணிக்குப் பயம், பள்ளிக்கூடத்துக்குப் பயம். அங்கே என்னை இரண்டு வகுப்பு கீழே இறக்கிச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினார்கள். நான் "ஓம்" என்னாமல் "ஆமா" என்றால் வகுப்பே சிரித்தது. துறைமுகத்துக்குள் களவாக நீந்தி வருகிறவர்களைக் கலைக்கக் கடற்படை இரவில் தண்ணீருக்குள் வெடி போடும். தகரம் அதிரும்; நான் எழும்பி உட்கார்ந்துவிடுவேன்.

"அது மீன்களுக்கடி. உனக்கில்லை. படு," என்பாள் மச்சாள்.

மச்சாள் என்றது மாமியின் மகளை. அவளுக்கும் என் வயதுதான். எங்களை அவள் கூப்பிடுவது "இந்தியாக்காரர்". முகாமில் வெளிக்கதவைத் தாண்ட அனுமதி கேட்டு வளர்ந்த எங்களுக்கு, யாரிடமும் கேட்காமல் ஒரு நாள் முழுக்க வெளியே திரியலாம் என்பதைக் காட்டித்தந்தவள் அவள். பாலைப்பழக் காலத்தில் காட்டு ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். பால் ஒட்டி உதடு திறக்க முடியாமல் மூன்று பேரும் சைகையில் கதைத்துக்கொண்டு வந்தோம். அண்ணனுக்கு நீந்தப் பழக்கினாள். கோயம்புத்தூரில் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துத் திரிந்தவன், அந்தக் குடாவில் கைகால் அடித்துச் சிரித்ததைப் பார்த்தபோது, இவன் இப்படியும் சிரிப்பானா என்று இருந்தது. நான் கரையில் நின்று அவன் தலை மேலே வருகிறதா என்று பார்த்தபடியே இருப்பேன்.

மட்டிச் சிப்பி பொறுக்குவதுதான் நான் பயமில்லாமல் செய்த ஒரே காரியம். இடுப்பளவு தண்ணீரில் நின்று கால் விரலால் சேற்றைத் துழாவ வேண்டும். வழுக்கினால் கல். வரிவரியாகத் தட்டுப்பட்டால் மட்டி. பொறுக்கியதைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, கண்டல் மர வேரில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு வருவோம். இரவு முழுக்க அது மண்ணைக் கக்கிவிடும். காலையில் போய் எடுத்து வந்தால் கறியில் பல் கறகறக்காது. முடிச்சுப் போடுவது அண்ணன். முகாமில் துணிக்கொடி கட்டிக் கூடாரம் கட்டி வளர்ந்த கை. அவன் முடிச்சு அவனைத் தவிர மற்றவர்களுக்கு அவிழாது.

இரண்டாம் வருடம் சமாதானக் கதை நின்றுபோனது. பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டியிருந்தது. பெரியவர்கள் மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார்கள்.

அப்படியொரு நாள், பகல். நாங்கள் மூன்று பேரும் தோணியில் போய்க் கண்டல் காட்டின் ஓரம் நின்றோம். சாக்கைக் கட்டி முடித்த நேரம், கரையிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்தது. எல்லோரும் அடையாள அட்டையோடு கோயில் வெளிக்கு வரச் சொன்னார்கள். இராணுவச் சுற்றிவளைப்பு.

மச்சாள் தோணியைக் கண்டலுக்குள் தள்ளப் போனாள். அண்ணன் தோணியின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினான்.

"நான் போய் நிக்கணும்."

"ஏன் மச்சான், சோறு வச்சு வெத்திலையும் தாறாங்களாமா?"

"ஆள் இல்லேன்னா பேரை வெட்டிருவாங்க. அப்புறம் அப்பாதான் அலையணும்."

"ஆர் வெட்டுறது? இது உங்கட காம்ப் இல்லை. இங்கத்தப் பெடியள் இந்தச் சத்தம் கேட்டா கண்டலுக்குள்ள போவாங்கள். நீங்க என்னெண்டா கண்டலுக்குள்ள இருந்து வெளிய போறீங்க."

"ஒளிஞ்சாத்தான் சந்தேகப்படுவாங்க."

அவன் சொன்னது விளங்க வேண்டுமென்றால் முகாமைத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே செக்கிங் நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு எங்கே வேலையில் இருந்தாலும் பஸ் பிடித்து வந்து அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். நிற்காதவர்களின் பதிவை வெட்டிவிடுவார்கள்; பதிவு போனால் அரிசி போகும், இருக்கிற அறையும் போகும். ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பதிவு போன ஒரு பக்கத்து வீட்டுப் பெண், அதைத் திரும்ப எடுக்க ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நாங்கள் கற்றது அது: கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும். நின்றவனுக்கு ஒன்றும் வராது. எதற்கும் பயப்படுகிற எனக்கு அன்றைக்குப் பயமே வரவில்லை.

கரையில் அம்மா அவனுடைய நல்ல சேர்ட்டோடு நின்றாள். ஈரத் தலையை அவளே துவட்டிவிட்டாள். "முன்னுக்குப் போய் நில்லு தம்பி. கெதியா முடிஞ்சிடும்."

அவன் முதல் வரிசையில் நின்றான். இடம் கிடைத்ததில் அவனுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. பின்வரிசைகளில் ஊர்ப் பெடியள் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் நின்றார்கள். அவர்களும் கொஞ்சப் பேர்தான்.

சீருடைக்காரன் ஒருவன் அட்டையைப் பார்த்தான். "எங்க பிறந்தது?"

"இந்தியாவுல, சார்."

"ஏன் இங்க வந்தது?"

"எங்க நாடு, சார்."

கேட்டதற்கெல்லாம் முகாமில் சொல்வது போல நிமிர்ந்து, முழுதாகச் சொன்னான். அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பிறகு வாகனத்தில் ஏறச் சொன்னார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். ஏறும்போது அவன் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றுவதா போட்டபடி ஏறுவதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வரவில்லை.

அம்மா இராணுவ முகாம், பொலிஸ் என்று ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்கத் தொடங்கினாள். தனியே விட ஏலாது என்று நானும் போனேன். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. எந்த வாசலிலும் அம்மா விடியமுன்னமே போய் வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். என்னால் அதைப் பார்க்க முடியாது. ஆனால் நில்லாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

குடாவுக்குள் இறங்க அதற்குப் பிறகு கடற்படை எவரையும் விடவில்லை. இரவில் வெடிச்சத்தம் கேட்டால் நான் அண்ணனை நினைக்கமாட்டேன். சாக்கை நினைப்பேன். உள்ளே மட்டிகள் மண்ணைக் கக்கி முடித்திருக்கும். யாரும் வந்து எடுக்காமல் காத்துக் கிடக்கும். சாக்கு உக்கி இற்று வாய் திறந்தால் தப்பிப் போய்விடும் என்று கணக்குப் போடுவேன்.

ஒரு இரவு பாயில் பக்கத்தில் கிடந்த மச்சாளிடம் கேட்டேன். "அந்தச் சாக்கு இதுக்குள்ள உக்கியிருக்கும், என்ன?"

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நைலோன் சாக்கடி."