பொன்னியை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கு

எங்கள் ஊர் லூபோக் சீனாவிலிருந்து மலாக்கா டவுனுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். செத்த மாட்டை ஏற்றிக்கொண்டு போனது போன மாதம்தான். மாடு வளர்க்கிற யாருக்கும் இப்படி ஒரு பயணம் வரக்கூடாது. வந்தால் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழை பார்ப்பது என் பேத்தி கவிதா. கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் உயிரணுக்களைப் பற்றிப் படிக்கிறாள். எங்கள் வம்சத்தில் மைக்ராஸ்கோப்பைத் தொட்ட முதல் கை அவளுடையது. அதைச் சொல்லாமல் நான் எந்தக் கதையும் சொல்வதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை எங்கள் பொன்னி செத்துக் கிடந்தாள். நாலைந்து நாளாகத் தீனி எடுக்கவில்லை, கண் மஞ்சளாகிவிட்டது. பால் கொடுத்த மாட்டின் மேல் நாங்கள் கத்தி வைக்க மாட்டோம். மஞ்சள் பூசி வீட்டுக்குப் பின்னால் புதைத்து, மேலே தென்னங்கன்று வைப்போம். குழி வெட்ட ஆள் தேடிப் புறப்பட்டபோதுதான் பார்த்தேன், இரண்டாவது மாடு மீனா புல்லை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் கண்ணிலும் மஞ்சள். ஏழு மாதச் சினை வேறு.

கவிதாவுக்குப் போன் அடித்தேன்.

"பாட்டி, பொதைச்சிறாதீங்க. பொன்னி எதனால செத்துச்சுன்னு தெரியாம மீனாவுக்கு என்ன மருந்து குடுப்பீங்க? வெயில் ஏறுறதுக்குள்ள லேப்புக்குக் கொண்டு போங்க."

"அறுப்பாங்களா?"

"அறுப்பாங்க பாட்டி."

"அறுத்துட்டுத் திருப்பிக் குடுப்பாங்கல்ல?"

"கேட்டுப் பாருங்க" என்றாள்.

கால்நடை ஆய்வகத்துக்குப் போன் செய்து, வரலாம் என்று உறுதி செய்துகொண்டேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற மணியம் தம்பி லாரி கொண்டு வந்தது. போகவர வாடகை நூற்றைம்பது வெள்ளி. எட்டே காலுக்குப் புறப்பட்டோம். மஸ்ஜித் தானா, சுங்கை ஊடாங் வழியாக டவுன், பிறகு பாச்சாங் தாண்டிப் போகவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர். காலை நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

மஸ்ஜித் தானாவில் லாரிக்கு எண்ணெய் போட நிறுத்தியபோது மணியத்தின் கூட்டாளி ஒருவர் பின்னால் போர்த்தியிருந்த தார்ப்பாயைப் பார்த்து, "என்னா மணியம், கல்யாண வீட்டுச் சாமானா?" என்றார்.

"சும்மா இருலா. அக்கா வீட்டு மாடு. செத்துப்போச்சு."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ஆய்வகத்தில் இருந்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம், என் மகள் வயது இருக்கும். லாரி பக்கத்திலேயே வந்து நின்று பேசினார்.

"கண் மஞ்சளானதுக்குப் பல காரணம் இருக்கலாம்மா. எலி மூத்திரத்துல இருந்து வர்ற நோய்கூட இருக்கலாம். அது மனுசருக்கும் ஒட்டும். அதனால உள்ள எடுத்துட்டா உடம்பைத் திருப்பித் தர முடியாது. இங்கயே எரிச்சிருவோம்."

"பார்த்து முடிச்சிட்டுத் தர முடியாதா?"

"முடிவு வர பத்து நாள் ஆகும். உடம்பு அதுவரைக்கும் தாங்காது."

மணியம் இன்னும் எஞ்சினை நிறுத்தவில்லை. "வேணான்னா திரும்பிருவோம் அக்கா" என்றது. திரும்பியிருந்தால் மதியத்துக்குள் பொன்னி மண்ணுக்குள் போயிருப்பாள், அவள் வளர்ந்த இடத்திலேயே. மீனா என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

"எஞ்சினை நிறுத்து தம்பி" என்றேன்.

அதற்குப் பிறகு முன் அறையில் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து வந்த டாக்டரம்மா விளக்கினார். ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் சின்னச் சின்னத் துண்டு எடுத்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். பழைய கண்ணாடித் துண்டு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கவும் சொன்னார். நோயில்லாத மாட்டின் ஈரல். ரோசாவும் ஊதாவுமாக, நடுவிலிருந்து நாலா பக்கமும் வரிசை பிரிந்து போனது.

"ரப்பர் மரம் நிரை புடிச்சு நட்ட மாதிரி இருக்கே."

"ஆமாம்மா. உங்க மாட்டுக்கு அந்த நிரை எங்க, எப்படிக் கலைஞ்சிருக்குன்னுதான் பார்க்கணும்."

முடிவு தெரியும்வரை மீனாவை இடம் மாற்றி நிழலில் கட்டவும், வெளியிலிருந்து புல் வாங்கிப் போடவும் சொன்னார். கையோடு மருந்தும் எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது வெறும் லாரி குழியில் விழுந்தெழும் சத்தம் வழியெல்லாம் கேட்டது. மணியம் ரேடியோ போடவில்லை.

பத்தாம் நாள் போன் வந்தது. பொன்னியின் ஈரலைக் கெடுத்தது ஒரு செடி. வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, உண்ணிச்செடி, மலாய்க்காரர்கள் தாஹி ஆயாம் பூ என்பார்கள், அது. பக்கத்துச் செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடித்ததால் புல் கருகிக் கிடந்தது. மாடுகளை வேலியோரம் கட்டியிருந்தோம். பசியில் மேய்ந்திருக்கின்றன. பொன்னிக்குக் கயிறு நீளம், மீனாவுக்குக் குட்டை. அதனால்தான் மீனா தப்பியது. இப்போது தீனி எடுக்கிறது. செடியை வேரோடு பிடுங்கிவிட்டோம்.

"அப்போ ஒட்டுற நோய் இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா."

"பொன்னியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம்."

"இப்போ தெரியுது. அன்னிக்குத் தெரியாதும்மா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பொன்னியை அங்கே விட்டு வந்ததால்தான் இதுவும் தெரிந்தது. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் போகும்போது மனசு ஆறவில்லை.

ஆய்வகத்துக்குப் போக வேண்டிவந்தால் முதலில் போன் செய்யுங்கள். மாடு செத்த சில மணி நேரத்துக்குள் கொண்டு போங்கள், ஊதிவிட்டால் ஈரலில் ஒன்றும் தெரியாதாம். உறுப்புத் துண்டு மட்டும் கொண்டுபோக நேர்ந்தால் ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் உறைய விடாதீர்கள். உறைந்தால் உயிரணு உடைந்துவிடும் என்று கவிதா சொல்கிறாள். என்ன நோய் என்று தெரியாதவரை கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இன்னொன்று. உடம்பு திரும்பி வராது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூசுவதோ, கும்பிடுவதோ, பேர் சொல்லிக் கூப்பிடுவதோ, எதுவானாலும் லாரியில் ஏற்றும் முன்பே செய்துவிடுங்கள். நான் எல்லாவற்றையும் புதைக்கும்போது செய்யலாம் என்று, கழுத்தைக்கூடத் தடவிக்கொடுக்காமல் ஏற்றிவிட்டேன்.