பின்கழுத்து லேபிள்

மகளின் பள்ளியில் பிரின்சிபால் அறைக்குள் நுழைந்ததும் கறை எடுக்கும் மருந்தின் வாசனை அடித்தது. பிறந்தநாளுக்காக ஒரு சிறுமி போட்டு வந்திருந்த புது டி-ஷர்ட்டிலிருந்து வந்த வாசனை. அவளுடைய அம்மா எங்கள் கம்பெனியில் டெய்லர், பீகார்க்காரர். அவர் சுவரோரம் நின்றிருந்தார். சட்டையின் பின்கழுத்தில் வெளிநாட்டு லேபிளைப் பார்த்த என் மகள், "எங்கப்பா கம்பெனில திருடினது" என்று வகுப்பில் சொல்லிவிட்டாள்.

இதே வாசனையோடு நானும் பள்ளிக்குப் போயிருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினாள். கறை பட்டு ரிஜெக்ட் ஆன துணியைத் தொழிலாளிக்குக் கொடுத்தால், வெளிநாட்டு லேபிளை வெட்டிவிட வேண்டும். அப்படி எனக்குக் கிடைத்த சட்டையில் நான் அழுது அதை வெட்டவிடவில்லை. என்னோடு படித்த முதலாளி மகன் பார்த்துவிட்டான். மறுநாள் அம்மாவையும் என்னையும் கம்பெனி வாசலில் நிறுத்தினார்கள்.

"திருடலீங்க. பையன் ஆசப்பட்டானுங்க." அம்மா இந்த ஊர்ப் பேச்சில் கெஞ்சினாள்.

"நம்பறேன் அம்மணி," என்றார் முதலாளி. "இங்கயே வெட்டிப்போடு. எல்லாரும் பாக்கட்டும்."

சட்டை என் உடம்பில் இருக்கும்போதே வெட்டினாள். கத்தரி கழுத்தில் சில்லென்று பட்டது.

"அந்தப் பிள்ளைக்கு வேற துணி மாத்திவிடச் சொல்லிட்டேங்க சார்," என்றார் பிரின்சிபால். "நீங்க உக்காருங்க."

போன வாரம் அந்தத் துணியைக் கொடுத்தது மேனேஜரான நான்தான். லேபிளை வெட்ட மறந்ததும் நான்தான். லேபிளோடு துணியை வெளியே விட்டதைச் சொன்னால் என் வேலை போய்விடும்.

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் உட்கார்ந்தேன்.