படையலுக்கு ஒரு டெவல் சிக்கன்

அண்ணன் செத்து எட்டாம் நாள் எட்டு கும்பிட்ட மறுநாளிலிருந்து நான் சாராயம் விற்கிற பார் பாராக ஏறி இறங்கினேன். எழவு வீட்டுக்காரன் செய்கிற வேலையா இது என்று தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அதிலும் எங்கள் லயத்தின் வாய் தனி ரகம்.

எங்களுடையது ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அண்ணன் பால் வெட்டுகிறவர். நான் தோட்டத்தை விட்டுப் போய்க் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். அண்ணன் செத்த அன்றைக்கு வெட்டு முடிந்து பால் எடுக்கிற நேரத்தில், சரிவில் ஒரு மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பக்கத்து நிரையில் நின்றவர் களைப்பாறுகிறார் என்று நினைத்துத் தன் வேலையைப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்தபோது உயிர் இல்லை.

எங்களில் கருமாதிக்குச் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்போம். பீடி குடித்தவருக்குப் பீடி, சாராயம் குடித்தவருக்குச் சாராயம். உயிரோடு இருக்கும்போது ஒளித்து வைத்ததையெல்லாம் செத்த பிறகு விளக்கேற்றிக் கொடுக்கிற சனம் நாங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு, அந்தச் சாமானை யாரும் முன்னால் ருசி பார்க்கக் கூடாது. உப்புக்கூடப் பார்க்க மாட்டார்கள். எச்சில் பட்டதைச் செத்தவர் தொட மாட்டார் என்பார்கள்.

அண்ணி அண்ணனுக்கு வைக்கக் கேட்டது டெவல் சிக்கன்.

கோழியைத் துண்டு போட்டுப் பொரித்து, பெரிய வெங்காயமும் கறிமிளகாயும் தக்காளி சோஸும் போட்டுக் காரமாகப் பிரட்டி எடுப்பது. பாருக்குப் போகிறவன் சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளப் பைட் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவருவார், அதுவும் மழை நாட்களில் மட்டும்.

ரப்பர் தோட்டத்தில் மழை ஒரு தண்டனை. விடியற்காலையில் பிடித்துக்கொண்டால் மரம் நனைந்துவிடும், வெட்டினாலும் பால் தண்ணீரோடு வழிந்து போகும். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்திலேயே இன்றைக்கு வெட்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெட்டு இல்லை என்றால் கணக்கில் பேர் இல்லை, பேர் இல்லை என்றால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. எங்கள் மாவட்டத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மழைக்கு வராது. அப்படித் திரும்பி வந்த நாட்களில் அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பொழுது சாயும்போது சாராய வாடையோடு வருவார். கையில் லன்ச் ஷீட்டில் சுற்றிய டெவல் பார்சல் இருக்கும். வேலையில்லாத நாளில் குடிக்க மட்டும் எப்படி முடிகிறது என்று அண்ணி பிடித்துக்கொள்வார். அண்ணன் ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டார். அதற்குள் பிள்ளைகள் பார்சலைப் பிரித்துவிடுவார்கள்.

கடைசி மழை நாளில் அண்ணிக்குத் தாங்க முடியவில்லை. பார்சலைப் பிடுங்கி வாசலில் சாக்கடை ஓடுகிற கானுக்குள் எறிந்துவிட்டார். மறுநாள் நல்ல வெயில். அண்ணன் வெட்டுக்குப் போனார். பிறகு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"என் கையால தூக்கிக் கானுல போட்டேன் தம்பி," என்றார் அண்ணி. "அதே கடையில அதே மாதிரி வாங்கியாந்து, இந்தக் கையால அவரு எலையில வைக்கணும். இல்லாட்டி எனக்கு மனசு ஆறாது."

"எந்தக் கடை அண்ணி?"

"கேட்டா எங்க சொல்லுவாரு? இந்த ஜில்லாவுலயே இதாண்டி நல்ல டெவலு, பேசாம தின்னுங்கம்பாரு. அம்புட்டுத்தான்."

முதலில் ருவான்வெல்லை பஜாரில் இருக்கிற பாருக்குப் போனேன். நான் குடிக்காதவன். பாருக்குள் வந்து கோழி மட்டும் கேட்கிறவனை உளவு பார்க்க வந்தவனைப் போலத்தான் பார்க்கிறார்கள். அதற்காக ஒரு சோடா வாங்கி முன்னால் வைத்துக்கொண்டேன். கோழி வந்தது. எலும்புதான் அதிகம், சோஸ் சர்க்கரைப் பாகாக இனித்தது. இதற்கா ஜில்லாவிலேயே முதலிடம் என்று இருந்தது. ஆனாலும் அண்ணனின் நாக்கை நான் என்ன கண்டேன்? ஒரு பார்சல் கட்டச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனேன். எட்டு முடிந்தால் எங்கள் வீட்டில் கவிச்சிக்குத் தடை இல்லை. அண்ணனின் மூத்த மகள் ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டு வைத்தாள்.

"இது இல்ல சித்தப்பா. அப்பா கொண்டாறதுல கஜு கெடக்கும்."

கஜு என்கிற முந்திரிப் பருப்புப் போட்ட டெவல் என்றால் கொஞ்சம் பெரிய இடமாக இருக்கும் என்று கேகாலைக்குப் போனேன். ஒரு பாரில் கஜு போட்டிருந்தார்கள். ஏசி அறை, மேசைக்குத் துணி, அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கிற கனவான்கள். அண்ணன் இங்கே காலை வைத்திருப்பாரா என்ற சந்தேகத்தோடேயே வாங்கி வந்தேன். பிள்ளைகள் இதுவும் இல்லை என்றார்கள். அப்பா கொண்டுவருவதில் அன்னாசித் துண்டும் கிடக்குமாம். மறுநாள் கேகாலையிலேயே இன்னொரு பாரில் அன்னாசி போட்டதை வாங்கினேன். அதைத் தின்றுவிட்டுச் சின்னவன் சொன்னான், ஒரு நாள் பார்சலில் றால்கூடக் கிடந்ததாம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. கோழி டெவலில் கஜுவையும் அன்னாசியையும் றாலையும் போட்டுப் பிரட்டுகிற பைத்தியக்காரக் கோக்கி எந்த ஊரில் இருக்கிறான்? குடித்தது குடித்தார், எங்கே குடித்தார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்திருக்கக் கூடாதா என்று அண்ணன்மேலேயே கோபப்பட்டேன். செத்தவர்மேல் கோபப்படுவதில் ஒரு வசதி, திருப்பிப் பேச மாட்டார். அவர் உயிரோடு இருந்தபோதும் பேசவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கருமாதியன்று காலையில் நல்ல மழை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் படையல். கடைசியாக வரக்காப்பொலவைப் பார்த்துவிடுவோம் என்று பஸ் ஏறினேன். தோட்டத்து ஆட்கள் அவ்வளவு தூரம் போய்க் குடிக்க மாட்டார்கள். அதனால்தான் அந்த ஊரைக் கடைசியாக வைத்திருந்தேன்.

கண்டி ரோட்டிலிருந்து சற்று உள்ளே ஒரு பழைய பார். சோடா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கோழி வர நேரமானது. கை கழுவப் பின்பக்கம் போனேன். சமையல் குசினி வாசலில் நின்ற கோக்கி என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். வயதான சிங்கள மனிதர்.

"மல்லி, நீ அவனுடைய தம்பிதானே? அதே முகம்," என்றார் சிங்களத்தில், தம்பி என்பதற்கு மல்லி என்று கூப்பிட்டு. "இப்படி மழை பெய்கிறது, ஆளைக் காணவே இல்லையே. கோப்பைகள் அப்படியே குவிந்து கிடக்கின்றன."

எந்தக் கோப்பை, எதற்குக் குவிய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எலும்பும் சோஸும் சிகரெட் சாம்பலுமாக எச்சில் கோப்பைகளும் தட்டுகளும் என் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன.

அண்ணன் செத்துவிட்டார் என்று சொன்னேன். அவர் "அனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு, தேங்காய் துருவுகிற பலகையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னார்.

அண்ணன் அங்கே குடிக்கப் போகவில்லை. மழை நாட்களில் கோப்பை கழுவப் போனார். கிடைத்த கூலியைச் சேர்த்து வைத்து, சம்பள நாளில் தோட்டச் சம்பளத்தோடு கலந்து அண்ணியிடம் கொடுத்திருக்கிறார். குடித்தவர்கள் பாதி தின்றுவிட்டு விட்டுப்போன பைட்டில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒரு சட்டியில் சேர்ப்பாராம். ஒரு மேசையில் கஜு இருக்கும், ஒரு மேசையில் அன்னாசி. சாயங்காலம் கோக்கி அதையெல்லாம் மறுபடி சோஸ் விட்டுச் சூடாக்கிக் கட்டிக் கொடுப்பார். புறப்படும்போது போத்தல் அடியில் மிஞ்சிய சாராயத்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சட்டையிலும் கொஞ்சம் தெளித்துக்கொள்வாராம்.

"ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்பேன். வீட்டில் நம்ப வேண்டாமா என்று சிரிப்பான்," என்றார் கோக்கி.

அந்த மனிதருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எங்கள் லயத்தில் குடிகாரன் என்று பேர் வாங்குவதில் பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை. பாதி லயம் அந்தப் பேரோடுதான் பொண்ணு கட்டியிருக்கிறது. ஊரான் எச்சிலைக் கழுவுகிறவன் என்ற பேர் வந்தால் கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள். இரண்டில் எது மலிவு என்று பார்த்து அண்ணன் குடிகாரனாகியிருக்கிறார். என்ன பிழைப்பு இது என்று அந்தக் குசினிச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவருக்குச் சாப்பாடாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"சோறு போட்டுக் கொடுப்போம் மல்லி, தொட மாட்டான். வீட்டில் பெண்டாட்டி நோனா சோறு வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள், இங்கே தின்றுவிட்டுப் போனால் கோபிப்பாள் என்பான்."

கோக்கி அன்றைக்குப் புதுக் கோழி எடுத்து, அவரே பொரித்து, கஜுவும் அன்னாசியும் போட்டு ஒரு பார்சல் கட்டினார். யாருடைய வாயும் படாத டெவல். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அண்ணியிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் வழி முழுக்க ஓடியது. சொன்னால், கானுக்குள் எறிந்தது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அண்ணன் இலைக்கு முன்னாலும் குடிகாரன்தான். வாயை மூடிக்கொள்வது என்று இறங்கும்போது முடிவெடுத்தேன். ஆகிப்போன காரியத்துக்கு அழுது என்ன ஆகப்போகிறது?

வீட்டில் இலை போட்டாகிவிட்டது. பெரிய சட்டியில் வெளியே ஆக்கிய சோறு, கறிகள், அரைப் போத்தல் சாராயம், பீடிக்கட்டு எல்லாம் இருந்தன. மாமா ஒருவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பத்துமாப்பா அவனுக்கு? மழை வந்தா பள்ளத்துத் தண்ணி மாதிரி பாருக்கில்ல ஓடுவான். இப்ப அங்கயும் எமன்கிட்ட பாருக்கு வழி கேட்டுக்கிட்டு நிப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். எழவு வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு வேண்டியும் இருக்கிறது. அண்ணியும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தார். "குடிச்சே போன மனுசன்," என்றார். எனக்கு உடம்பு எரிந்தது. எடுத்த முடிவு எங்கே போனது என்று தெரியவில்லை. அண்ணியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்சல் என் கையிலேயே இருந்தது.

"எச்சியா?" என்றார். "பொறுக்கியா கொண்டாந்தாரு?"

"ஆமா அண்ணி."

"நான் கானுல போட்டது..."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். கோக்கி கடைசியாகச் சொன்னதுதான் கைக்கு அகப்பட்டது.

"உங்கமேல அவருக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா அண்ணி? அங்க சோறு குடுத்தாக்கூட தின்ன மாட்டாராம். வீட்டுல அவ சோறு வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பான்னு சொல்லுவாராம்."

அண்ணி பேசினார். மிகவும் மெதுவாக.

"மழை நாள்ல அவருக்கு நான் சோறு வைக்கிறதில்ல தம்பி. குடிச்சுத் தின்னுட்டு வர்ற ஆளுக்கு எதுக்குன்னு, புள்ளைங்களுக்குப் போட்டதும் சட்டியக் கழுவிக் கவுத்துருவேன்."

"பார்சல்ல அவரும் தின்னிருப்பாருல்ல?"

"தொட மாட்டாரு. நான் தின்னுட்டுத்தான் வந்தேன், நீங்க தின்னுங்கம்பாரு. தண்ணி குடிச்சிட்டுப் படுத்துருவாரு."

வெளியே மாமா கதவைத் தட்டினார். விளக்கு வைக்கிற நேரம் போகிறது, என்ன செய்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். அண்ணி என் கையிலிருந்த பார்சலை வாங்கிப் பிள்ளைகளுக்கு என்று தட்டில் ஒதுக்கி வைத்தார். கவிழ்த்து வைத்திருந்த சின்னச் சட்டியை நிமிர்த்தி, அரிசியை அளக்காமல் அள்ளிப் போட்டுக் களைந்தார். படையலுக்கு வெளியே எவ்வளவோ சோறு இருந்தது. நான் விறகை எடுத்துக் கொடுத்தேன். விறகு மழையில் நனைந்திருந்தது, பிடிக்கவே மாட்டேன் என்றது. இரண்டு பேரும் மாறி மாறி ஊதினோம்.