அம்பில்லாத செபஸ்தியார்

யோசெப்பினுக்கு வாய் நீளம் என்று யாழ்ப்பாணத்துப் பாஷையூரிலேயே பெயர். கனடாவின் மொன்றியலில் இத்தனை குளிர்காலம் கண்ட பிறகும் அது குறுகவில்லை. ஜான்-டலோன் சந்தையில் கொன்செத்தா என்ற இத்தாலியக் கிழவியின் கடையில் தக்காளி அடுக்குவது அவள் வேலை. ஆட்களிடம் அழுகல் இருந்தால் அவளுக்கு உடனே மணக்கும், மணந்ததைச் சொல்லாமல் இருக்கவும் மாட்டாள். அதனால் அவளுக்கு முன்னால் பெருமை பேச எல்லோருக்கும் பயம். பயமில்லாத ஒரே ஆள் அவள் புருஷன் கிறிஸ்தோப்பர்.

கிறிஸ்தோப்பர் தமிழ்க் கத்தோலிக்கச் செபக்கூட்டத்தின் தலைவர். யார் தெரிவு செய்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. சந்தைக்குப் பக்கத்துப் பழைய இத்தாலியக் கோவிலை ஞாயிறு பின்னேரங்களில் தமிழருக்கு விட்டிருந்தார்கள். இத்தாலியருக்கு வசதி வந்ததும் தூரத்தில் பெரிய வீடுகள் வாங்கிப் போனார்கள். போகும்போது தங்கள் ஊர்ப் புனிதரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது ஒழுகுகிற கூரையும், நிலவறையில் சாக்கு மூடிக் கிடந்த ஒரு சுரூபமும். இளம் உரோமைப் போர்வீரன். சுருட்டை முடி, உயர்த்திய வலது கை. கையில் ஒன்றுமில்லை.

"செபஸ்தியாரே!" என்று அந்தத் தூசிக்குள்ளேயே முழங்காலில் விழுந்தார் கிறிஸ்தோப்பர்.

"உடம்பெல்லாம் தைச்ச அம்பு எங்கையப்பா?" என்றாள் யோசெப்பின்.

"அது விழுந்திருக்கும்."

"ஓம், அம்பு பட்ட ஓட்டையளும் சேந்து விழுந்திட்டுதாக்கும்."

"உமக்குத் திருச்சபை வரலாறு தெரியுமே? உரோமை ராசா தியோக்கிளேசியன்ரை பட்டாளத்திலை இருந்தவர் செபஸ்தியார். இது அம்பு படுறதுக்கு முந்தின கோலம்."

அந்த வரலாற்றை அவர் ஏதோ ஒரு கலண்டரின் பின்பக்கத்தில் வாசித்திருந்தார். அதையே இழுத்து இழுத்துக் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். சனமும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. கோவிலுக்குப் பொறுப்பான பாதருக்கு இன்னும் இரண்டு கோவில்கள் இருந்தன. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார். சுரூபத்துக்குப் புதுச் சாயம் பூசி மாலை போட்டார்கள். செபஸ்தியாரின் பெருநாள் தையில்தான். ஆனால் பனிக்குள் சுரூபத்தைத் தூக்கிச் சுற்றுப்பிரகாரம் வர முடியாதென்று கிறிஸ்தோப்பர் அதை ஆவணிக்கு மாற்றினார். செபஸ்தியாரை ஒரு வார்த்தை கேட்டாரோ தெரியாது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிற முருகன் கோவிலுக்குப் போகிற சனம்கூட வழியில் இங்கே இறங்கி ஒரு மெழுகுதிரி கொளுத்தியது. எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதில் நம்முடைய ஆட்கள் மகா கெட்டிக்காரர்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த நீள வாய் அடங்கியது. யோசெப்பினின் தம்பி முள்ளிவாய்க்காலில் நிற்கிறான் என்பதுதான் கடைசியாக வந்த செய்தி. வைகாசியில் சண்டை முடிந்தது. பிறகு அவனை முகாமில் கண்டதாக ஒருவன் சொன்னான், வெள்ளைக் கொடியோடு வந்தவனை ஆமி பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக இன்னொருவன். கிறிஸ்தோப்பர் செபஸ்தியாருக்கு நவநாள் செபம் வைத்தார். நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவளும் போய் முழங்காலில் நின்றாள். கூடப்பிறந்தவன், வேறென்ன செய்வாள்? "உயிரோடை காட்டித் தாரும் ராசா" என்று அந்தச் சுருட்டைத் தலைக்காரனிடம் ஞாயிறு ஞாயிறாகக் கெஞ்சினாள்.

அந்த ஆவணிப் பெருநாளுக்கு முதல் நாள், சுரூபத்தின் படம் போட்ட அறிவித்தலை முதல்முறையாகக் கொன்செத்தாவின் கடையிலும் ஒட்டினாள். படத்தைப் பார்த்ததும் கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எங்கள் மல்கோவுக்கு யார் மாலை போட்டது?"

"எந்த மல்கோ?"

"எங்கள் ஊர் மொன்தெறாவோவின் முதல் ஆயர் புனித மவுரில்லோ. எண்ணெய்ச் செக்குக்குள் ஒளித்திருந்து பூசை வைத்தவர். அவரைப் பிடித்துத் தலையை வெட்டியவன் இவன். கையில் வாள் இருந்தது, பார். அந்தப் பரிசுத்த தலை எங்கள் ஊர்க் கோவிலுக்குக் கீழேதான் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கள்ளர் தங்களிடமும் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள்."

வேறொரு நாளென்றால், ஓர் ஆயருக்கு இரண்டு தலையா என்று யோசெப்பின் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள்.

"கொலைகாரனுக்கு ஏன் சிலை?" என்று மட்டும்தான் அன்று கேட்டாள்.

"திட்டத்தான். பெருநாளில் புனிதர் முன்னால் போவார், இவன் பின்னால் வருவான். பெண்கள் தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி பேசுவோம். பிள்ளையைப் பறிகொடுத்தவள், புருஷனிடம் அடி வாங்கினவள், எல்லோரும். இங்கே வந்து கோட்டுப் போட்டதும் ஆண்களுக்கு அது வெட்கமாகிவிட்டது. விட்டுவிட்டுப் போனார்கள்."

வீட்டுக்குப் போய் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கிறிஸ்தோப்பர் முதலில் வெளிறினார், பிறகு தலைவரானார்.

"வாயைத் திறந்து என்னைச் சந்தி சிரிக்க வைக்காதையும். சுரூபம் தூக்கிற கூடு சோடிச்சாச்சு, சாப்பாட்டுக்கும் சொல்லியாச்சு. சனத்துக்கு விசுவாசம்தான் முக்கியம், சிலை ஆரெண்டது இல்லை."

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரிட்டையப்பா கெஞ்சினனான்?"

அவர் டிவியைப் போட்டார். எப்பேர்ப்பட்ட மனுஷன்!

மறுநாள் பின்னேரம் பாண்ட் முழங்க, பூக்கூட்டுக்குள் மல்கோ வீதிக்கு வந்தான். வெள்ளை வேட்டியோடு முன்னால் நடந்த கிறிஸ்தோப்பரின் நெஞ்சு கோவில் கதவை விட அகலமாயிருந்தது. யோசெப்பின் நேரே வந்து கூட்டுக்கு முன்னால் நின்றாள். தூக்கியவர்கள் தடுமாறி அதை இறக்கினார்கள்.

"இது செபஸ்தியார் இல்லை, சனங்களே! தலை வெட்டினவன்! எடேய், எங்கையடா என்ரை தம்பி? உனக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டனானேயடா! வெள்ளைக் கொடியோடை வந்த பிள்ளையை என்னடா செய்தனீ? உன்ரை கை அழுகிப் போக! நாசமாப் போவானே, சொல்லடா!"

பாண்ட் நின்றுவிட்டது.

"ஆரும் இவவைப் பிடியுங்கோ! தம்பியின்ரை கவலையிலை மூளை குழம்பிப் போச்சு!" என்று கத்தினார் கிறிஸ்தோப்பர்.

ஒருவரும் அசையவில்லை. அவள் அழுதழுது திட்டினாள், திட்டித் திட்டி அழுதாள். முகத்தைத் துடைக்க நின்றபோது பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது. முருகன் கோவிலுக்குப் போய்விட்டு வந்திருந்த நல்லம்மா. நெற்றியில் திருநீறு.

"கொஞ்சம் விலகு பிள்ளை," என்றாள் நல்லம்மா. "எனக்கும் இவனிட்டை ரெண்டு பேரை எங்கையெண்டு கேக்கக் கிடக்கு."