பேராசிரியரின் வைக்கோற் கன்று

பேராசிரியரின் மேசையில் ஒரு வைக்கோற் கன்று நின்றது. நெடுந்தீவில் சொல்லிச் செய்வித்தது. கன்று செத்தால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்து முன்னே நிறுத்தினால், அதை நக்கிக்கொண்டே பால் விடும். மாடு வளர்த்த நெடுந்தீவு வீட்டில் பிறந்த எனக்கு இது புதினமல்ல. புளியங்கூடலில் செம்பில் வந்த பாலைக் குடித்து வளர்ந்த பெரிய வீட்டுப் பிள்ளையான அவரோ, இதைப் பேராசிரியரான பிறகுதான் கேள்விப்பட்டார். அன்றிலிருந்து விட்டாரில்லை.

அவருக்குக் கீழே மாணவர்களாக நாங்கள் செய்த ஆய்வு ஒரு புரதத்தைப் பற்றியது. பற்றீரியாவுக்குள் நுழையும் வைரசின் டி.என்.ஏ.யை வெட்டிப்போட அங்கே ஒரு நொதியம் காத்திருக்கும். வைரசும் லேசுப்பட்டதல்ல. டி.என்.ஏ.யைப் போலவே உருவமும் மின்னேற்றமும் கொண்ட ஒரு புரதத்தைச் செய்து நீட்டும். நொதியம் அதை டி.என்.ஏ. என்று நம்பிக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். உண்மையான டி.என்.ஏ. தப்பிவிடும். யார் வந்தாலும் பேராசிரியர் கன்றின் முதுகில் தட்டி, "இதுதான் அந்தப் புரதம். பசுதான் நொதியம்" என்பார். வந்தவர்கள் ஆகா என்பார்கள். அந்த ஆகாவுக்காகவே அவர் ஆராய்ச்சி செய்தார் என்று நினைக்கிறேன்.

அவருடைய சிபாரிசு இல்லாமல் எனக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு இல்லை. அது தெரிந்தும் ஒருநாள் விருந்தினர் முன் வாய் திறந்தேன். "பொய்க்கன்று பசுவைப் பால் விட வைக்குது, சேர். இந்தப் புரதம் நொதியத்தை வேலை செய்ய விடாது. அது தலைகீழெல்லோ?"

"நீர் இன்னும் மாட்டுக்கொட்டிலை விட்டு வெளிக்கிடேல்லை, பிள்ளை," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிபாரிசு வரவேயில்லை.

இப்போது கரம்பொனில் உயிரியல் படிப்பிக்கிறேன். அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட மற்ற மாணவர்களும் ஒரு வேலையும் முடிக்காமல் அவர் காலடியிலேயே கிடந்து போனார்கள். போன மாதம் எங்கள் பள்ளிக்கூட விழாவுக்கு அவர்தான் பிரதம விருந்தினர். மாலை, பொன்னாடை, அதே கன்றுக் கதை, அதே கைதட்டல். மேடையை விட்டு இறங்கியவர் என்னைக் கண்டதும், "இப்பவெண்டாலும் விளங்கினதோ?" என்றார்.

"ஓம் சேர். அந்தப் புரதம் நீங்கள்தான்."

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பொன்னாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "அதிபர், இஞ்சை வாங்கோ, என்ரை பிள்ளை என்ன சொல்லுறா எண்டு கேளுங்கோ," என்று கூப்பிட்டு, என்னை இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

சொன்னேன்.